வரிசை தெரிந்த பாட்டுகள்

2023 செப்டம்பர் 11, திங்கட்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் காய்ச்சி இரண்டு டம்ளரில் காப்பி கலந்தேன். முந்தைய நாள் நாட்குறிப்பில் கடைசி வரி பாதியில் நின்றிருந்தது, அதை முடித்தேன். மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து, காப்பியைக் குடித்து, தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தாள். ஆனால் தறியை ஓட்டவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி காத்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால் இருந்த டிவியைப் போட்டேன். மகனுடைய வீடியோ கேம் பெட்டியை இயக்கி, சண்டைக்குள் போகாமல், பாட்டுகள் மட்டும் வரிசையாக இருக்கும் பக்கத்துக்குப் போனேன். சத்தத்தைப் பதினெட்டில் வைத்தேன். ஒரு பாட்டை ஓடவிட்டேன்.

“மாமியார்,” என்றாள்.

அந்தப் பாட்டுக்கு அவள் வைத்த பெயர் அது. சரிதான். அடுத்ததைப் போட்டேன்.

“கெணறு.”

அதுவும் சரி. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

“இன்னாங்க, பாஸா?”

“பாஸ்.”

“இன்னொண்ணு போடுங்க.”

“நேரமாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்,” என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். பெட்டியை அணைத்தேன். அடுத்து வந்திருக்க வேண்டியது ‘மழை’.

அன்று காலை நான் நம்பிக்கையோடு இருந்தேன் என்பதை நாட்குறிப்பைப் பார்க்காமலே சொல்ல முடியும்.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது மகனுடைய முதல் சம்பளத்தில். பெங்களூரில் வேலை கிடைத்தபின் பெரும்பாலும் அவன் அங்கேதான். பெட்டியை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போனான். ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு சண்டை விளையாட்டு ஆடுவான். அவளுக்கு ஆடத் தெரியாது. இருக்கிற எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்குவாள். சில சமயம் அதனாலேயே ஜெயித்துவிடுவாள்.

“இது இன்னாடா, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு தினுசா இருக்கான்? ஒருத்தன் கத்தி வெச்சிருக்கான், ஒருத்தன் காட்டுமிராண்டி மாதிரி இருக்கான்,” என்று முதல் நாளே கேட்டாள்.

“வேற வேற கேம்ல இருந்து வந்தவங்கம்மா. எல்லாரையும் ஒரே எடத்துல கொண்டாந்து மோத வுட்டிருக்காங்க.”

“பாட்டு?”

“அவனவன் பாட்டு அவனவன் கூடவே வந்துடும்.”

“அப்போ சரி. சாமியெல்லாம் ஒரே நாள்ல வீதிக்கு வந்தா, ஒவ்வொண்ணும் அதது மேளத்தைக் கூட்டிக்கினு வருமே, அந்த மாதிரி.”

“சாமிங்க மோதிக்காதும்மா.”

“தூக்கிக்கினு வர்றவங்க மோதிப்பாங்களே, நீ பாத்ததில்ல?”

அவன் சிரித்துச் சிரித்துத் தோற்றுப்போனான்.

சண்டை அவளுக்கு இரண்டு நாளில் சலித்தது. பாட்டுகள் சலிக்கவில்லை. அந்த விளையாட்டில் நூற்றுக்கணக்கில் பாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பழைய கேமில் இருந்தும் அதன் மெட்டுகளை எடுத்து, வேறு வேறு இசைக்காரர்கள் புதிதாக வாசித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பொம்மையின் பீப்பீ போலக் கேட்ட ஒரு மெட்டு இங்கே பெரிய வாத்தியக் கூட்டத்தோடு வரும். அதே மெட்டு இன்னொரு இடத்தில் கிட்டாரோடு வரும், வேறொரு இடத்தில் வெறும் பியானோவாக. மகன் சொல்லாமலே அவள் அதைக் கண்டுபிடித்தாள். “பாவு ஒண்ணுதான், ஊடை வேற,” என்றாள், நீள இழை அதேதான், குறுக்கு இழை மட்டும் மாறுகிறது என்ற பொருளில்.

அவன் போனபின், காலையில் தறியில் உட்காரும்போது பாட்டுப் பக்கத்தைப் போட்டுவிடச் சொல்வாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். மற்ற வீடுகளில் எஃப்.எம். ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் இது ஓடும். பாட்டில் வார்த்தை அதிகம் இல்லாதது அவளுக்கு வசதியாக இருந்தது. “வார்த்தை வந்தா மனசு அது பின்னாடி போயிடுது, பொடவையில பூ தப்பிப் போவுது,” என்பாள். தலைப்புகள் எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் அவளே பெயர் வைத்தாள். மெதுவாக ஆரம்பித்துப் போகப்போக வசைபாடும் ஒன்று ‘மாமியார்’. ஆழத்தில் இருந்து எதிரொலிப்பது ‘கிணறு’. சொட்டுச் சொட்டாகப் பியானோ விழுவது ‘மழை’. மூச்சே விடாமல் ஓடுவது ‘ரயில்’. கேட்டுக்கேட்டு எனக்கும் பெயர்கள் பழகிவிட்டன.

நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், நெய்து வரும் புடவைகளை விரித்துப் பார்த்து, நீளம் அகலம் எடை சரிபார்த்து, கறை இருக்கிறதா, இழை விட்டிருக்கிறதா என்று குறிக்கும் வேலையில் இருக்கிறேன். எதையும் இரண்டு முறை பார்க்காமல் நகர்த்த மாட்டேன். அப்படிப்பட்டவன் என் சொந்த வீட்டில் நடந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடுகளில் பேச்சு வேறு விதமாக நடக்கும். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா ஓடும், கால் மிதி இறங்கும், மேலே பூ எடுக்கும் ஜக்கார்டு பெட்டி தடதடவென்று அடிக்கும். அதற்கு நடுவில் யாரும் காதை நம்புவதில்லை. எதிராளியின் உதட்டைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம், மீதியைக் கத்துவோம். என் மனைவி பிறந்ததும் தறி வீட்டில், வாழ்வதும் தறி வீட்டில். அவள் என் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள் என்றால் அதில் எனக்கு என்ன சந்தேகம் வரும்? கத்திப் பேசினாள் என்றால் இந்தத் தெருவில் யார் கத்தாமல் பேசுகிறார்கள்? ஒரு வருடமாகவோ அதற்கு மேலாகவோ அவள் காது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் பெரிய ஆச்சரியம்.

ஆடி அமாவாசை அன்று தெரிந்தது. அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டோம். வீடு அமைதியாக இருந்தது. அவள் அடுப்பங்கரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், குக்கர் அவளுக்கு இரண்டடி தூரத்தில் விசில் அடித்தது. இன்னொரு விசில். இன்னொன்று. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். நான் போய் அடுப்பை அணைத்தேன். நிமிர்ந்து பார்த்து, “இன்னா அவசரம், இன்னும் விசிலே வரல,” என்றாள்.

காது டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: இரண்டு காதிலும் நரம்பு தளர்ந்துவிட்டது. போனது திரும்புவது சந்தேகம். மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், இருக்கிறதாவது நிற்கிறதா என்று. செப்டம்பர் 11 அன்று மறுபடி பரிசோதனை. நின்றிருந்தால் நல்லது. இறங்கியிருந்தால் அது இறங்கிக்கொண்டே போகும் வகை.

அவர் அதைச் சொன்னபோது அவள் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

“பாட்டு கேக்குமா, கேக்காதா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

நான் திரும்பி உள்ளே போய்க் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நடுவில் உள்ள நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. ஏதாவது சரிபார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் காலைப் பரீட்சை. தறியை நிறுத்தி, அவள் முதுகைக் காட்டி உட்கார, ஒரே சத்தத்தில் பாட்டைப் போட்டு, அவள் பெயர் சொல்ல வேண்டும். அவள் டிவியைப் பார்க்க முடியாது, என் முகத்தையும் பார்க்க முடியாது. எனக்குத் தெரிந்த வரையில் குற்றம் சொல்ல முடியாத பரீட்சை. முதல் நாளில் இருந்து அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. சில நாள் மெட்டு ஆரம்பித்த உடனே சொல்லிவிடுவாள்.

மகனுக்குப் போன் செய்து சொன்னேன்.

“அம்மா செமப்பா,” என்றான். “எனக்கே அவ்ளோ பாட்டு தெரியாது.”

“மாத்திரை வேலை செய்யுதுடா.”

“கண்டிப்பா செய்யும். புதுசா சண்டைக்காரங்க நாலு பேர் வந்திருக்காங்கன்னு போன வாரம் வந்தப்ப வாங்கிப் போட்டேன் இல்ல? அதுல புதுப் பாட்டெல்லாம் இருக்குது. கடைசில கீழ இருக்கும். அதையும் போட்டுக் காட்டு.”

“வரட்டும், வரிசையில வரும்போது போடுறேன்,” என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எங்களைக் காது பரிசோதிக்கும் அறைக்கு அனுப்பினார்கள். மெத்தை ஒட்டிய சின்னக் கூண்டு போன்ற அறை, நடுவில் கண்ணாடி. மனைவி உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பரிசோதிக்கும் பெண் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு பொத்தானைத் திருப்பித் திருப்பி அழுத்தினாள். எங்கள் மகனை விட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருக்கலாம். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு மனைவியின் கையைப் பார்த்தேன்.

கை தூக்கவில்லை. பொத்தான் அழுந்தியது. கை தூக்கவில்லை. மறுபடி அழுந்தியது. மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள், இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று புருவத்தால் கேட்டாள். நான் அவளுக்கு எதுவும் காட்டவில்லை. எதைக் காட்டுவது? அந்தப் பெண் சத்தத்தை வெகுவாக ஏற்றிய பிறகு கை மெதுவாக மேலே போனது.

முடிந்ததும் அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு, “போன தடவைய விட எறங்கி இருக்குதுங்க சார். ரெண்டு பக்கமும்,” என்றாள்.

“அது எப்படிம்மா? வீட்டுல நல்லா கேக்குதே. தினமும் பாக்கிறேன்.”

“எப்படிப் பாக்கிறீங்க?”

சொன்னேன். பதினெட்டையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“அம்மாவுக்குத் தெரிஞ்ச பாட்டா, தெரியாத பாட்டா சார்?”

“தெரிஞ்சதுதான். மூணு வருஷமா கேக்கிறா.”

“கலைச்சுப் போடுவீங்களா, வரிசையாவா?”

நேற்று எங்கே நிறுத்தினேனோ அங்கிருந்துதான் இன்று ஆரம்பிப்பேன். ஒருநாளும் ஒன்றைத் தாண்டிப் போனதில்லை. விட்டுப் போட்டால் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று தெரியாமல் போய்விடும் என்பது என் எண்ணம். மூன்று வருடம் அதே வரிசையில் ஓடிய பாட்டுகள். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியாதா?

“அம்மா பொய் சொல்லியிருக்க மாட்டாங்க சார்,” என்றாள் அந்தப் பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டு. “ஏதோ லேசா அதிருதுன்னு தெரிஞ்சா போதும், மீதியை மூளையே பாடிடும். அவங்களுக்குக் கேக்கிற மாதிரியேதான் இருக்கும்.”

“அப்போ அவளுக்குக் கேக்குதா, கேக்கலையா?”

“அதை நான் எப்படி சார் சொல்றது?”

டாக்டர் காதுக்கு மிஷின் வைக்கலாம் என்றார். பேச்சு ஓரளவு கேட்கும், பாட்டு எப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, அது ஆளுக்கு ஆள் மாறும், மாத்திரையை நிறுத்திவிடலாம். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

மனைவியும் நானும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து வந்தோம். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் என் முழங்காலைத் தட்டினாள்.

“இன்னா சொன்னாங்க? மொத்தமும் சொல்லுங்க. சுருக்காதீங்க.”

ஆட்டோ சத்தத்தில், அடுத்த சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்க, உதட்டை அசைத்து அசைத்து மொத்தமும் சொன்னேன். வரிசை விஷயத்தையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“நான் காப்பி அடிச்சேன்னு சொல்லுதா அந்தப் பொண்ணு?”

“இல்லம்மா. நீ அடிக்கலன்னுதான் சொல்லுது.”

“ஒண்ணு முடியும்போதே அடுத்தது உள்ள ஆரம்பிச்சுடும்ங்க. அப்புறம் நீங்க போடுவீங்க. ரெண்டும் ஒண்ணாதான் போவும்.” பிறகு தனக்குத்தானே சொல்வது போல, ஆனால் ஆட்டோ முழுக்கக் கேட்கும்படி, “எது உள்ள, எது வெளிய?” என்றாள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

மத்தியானம் சங்கத்துக்குப் போனேன். ஒரு புடவையை இரண்டு முறை அளந்தேன், இரண்டு முறையும் அளவு மாறி வந்தது. மூன்றாவது முறை பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் தறியில் இல்லை. டிவிக்கு எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவன் புதுசா வாங்கிப் போட்டானே, அதப் போடுங்க. நான் கேட்டதே இல்லாதது.”

“இன்னிக்கு வேணாம்.”

“போடுங்கன்றேன்.”

வரிசையின் கடைசிக்குப் போனேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக அத்தனை பாட்டுகளைத் தாண்டிக் கீழே இறங்கினேன். நானும் கேட்டிராத ஒன்றைப் போட்டேன். சத்தத்தைப் பதினெட்டில் வைத்துவிட்டு, பிறகு நானே முப்பதுக்கு ஏற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் ஒற்றைக் குழல் மாதிரி ஒன்று வந்தது. அதற்கு அடியில் நரம்பு வாத்தியங்கள் மெதுவாக எழுந்தன. குழல் கேட்டதை அவை திருப்பிச் சொல்லின, கொஞ்சம் மாற்றி. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்து, ஒரு இடத்தில் சட்டென்று நின்று, குழல் மட்டும் தனியாக மிஞ்சியது. நான் பாட்டு ரசிகன் இல்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சை என்னமோ செய்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“தூரத்துல மாவு மிஷின் ஓடுற மாதிரி இருக்குது. பாட்டா அது?”

“பாட்டுதான்.”

“நல்லா இருக்குதா?”

“இருக்குது.”

“எப்படி இருக்குது, சொல்லுங்க.”

சொல்லப் பார்த்தேன். “மொதல்ல குழல் மாதிரி ஒண்ணு வருது. அப்புறம் வயலின் மாதிரி நெறைய. நடுவுல எல்லாம் நிக்குது. அப்புறம் குழல் மட்டும்…”

“அப்புறம்?”

“அப்புறம் முடிஞ்சுது.”

அவள் சிரித்துவிட்டாள். “பொடவைய சரிபாக்கிற மாதிரியே சொல்றீங்க. நீளம் இவ்ளோ, அகலம் இவ்ளோ.”

நானும் சிரித்தேன். பிறகு மறுபடி போட்டுக் கேட்டேன், இன்னும் சரியாகச் சொல்ல முடிகிறதா என்று. முடியவில்லை. எந்த வாத்தியம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடிந்தது. அது என்ன செய்தது என்று சொல்ல முடியவில்லை. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே இன்னும் ஏதாவது வரும் என்பது போல. கடைசியில் என் கையில் இருந்து கண்ட்ரோலரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“புதுசு வேணாம். விடுங்க. பழசுல எதுவும் போயிடாம பாத்துக்குங்க, போதும். தெனம் போடுங்க.”

இரவு மகன் போன் செய்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டான். “அப்பா, நாளைக்கு வரிசைய மாத்திப் போட்டுப் பாரு. ஒரே ஒரு தடவை. உண்மை தெரிஞ்சுடும் இல்ல?” என்றான். சரி என்றேன். நாட்குறிப்பில் அன்றைய தேதிக்குக் கீழே மாத்திரை நிறுத்தப்பட்டது என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, மோட்டார் போடவில்லை, பாலும் காய்ச்சவில்லை. முதல் வேலையாக டிவியைப் போட்டேன். அவள் அதற்குள் எழுந்து வந்து, தறியில் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை மடியில் வைத்தாள். நேற்று நிறுத்திய இடத்துக்கு அடுத்ததை விட்டுவிட்டு, பல பாட்டுகளைத் தாண்டிப் போய் ‘ரயில்’ போட்டேன். மூச்சு விடாமல் ஓடும் பாட்டு, அறை முழுக்க ஓடியது. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாள். அவளுடைய வலது கால் மிதியின் மேல் லேசாக அசைந்தது, மெதுவாக, சொட்டுச் சொட்டாக.

“மழை,” என்றாள்.

அவள் திரும்புவதற்குள் வரிசையில் மேலே ஏறி ‘மழை’யைப் போட்டேன். திரும்பிப் பார்த்தாள். தலையாட்டினேன். அவள் நாடாவைக் கையில் எடுத்தாள்.